தேக்சா லிங்கராஜபுரத்தில், மூடி ஈஜிபுராவில்

பெங்களூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் குளிர்ந்தது, பிறகு பசித்தது, அதன் பிறகுதான் பயம் வந்தது. எங்கள் பேரணாம்பட்டில் எனக்கு எப்போதும் பயம்தான் முதலில் வரும். அந்த வகையில் பெங்களூர் நல்ல ஊர்தான்.

நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அப்படிப்பட்டவனை என் மனைவி இந்த ஊருக்குத் தனியாக அனுப்பியதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தொம்மலூரில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு அங்கேதான். இடம் அவர்களுடையது, சாப்பாடு எங்களுடையது என்று பேச்சு. சம்பந்தி நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆரோக்கியமும் பஷீரும் சேர்ந்து போடுற பிரியாணி சம்பந்தி. எங்க தங்கச்சி கல்யாணத்துல தின்னது, இன்னும் நாக்குல நிக்குது. அதைப் போட்டுட்டீங்கன்னா வேற ஒண்ணும் வேணாம்."

அவர்கள் இருவரும் என் பழைய தோழர்கள். இளவயதில் மூவரும் ஊரில் ஒரே தோல் கம்பெனியில் வேலை செய்தோம். பிறகு அவர்கள் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்து பிரியாணி மாஸ்டர்கள் ஆனார்கள். போனில் கேட்டபோது ஆரோக்கியம், "வா, நேர்ல பேசிக்கலாம்" என்றான். பஷீரும் அதையே சொன்னான். இருவரும் ஒரே பதிலைச் சொன்னதால் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பஸ் நிலையம் பக்கம் ஓர் ஓட்டலில், என்ன வேண்டும் என்று கேட்டவருக்குப் பக்கத்து மேசையைக் கை காட்டினேன். பேசாமல் சாப்பிட அதுதான் வழி. வந்தது சௌசௌ பாத். ஒரு தட்டில் பாதிக்கு உப்புமா, பாதிக்குக் கேசரி. எங்கள் ஊரில் இந்த இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லையைக் காப்பாற்றி மிகக் கவனமாகச் சாப்பிட்டேன். சாம்பாரும் இனித்தது. இந்த ஊரில் எல்லாரும் எல்லாரோடும் சேர்ந்து போவார்கள் என்று நினைத்தபடி லிங்கராஜபுரம் போய்ச் சேர்ந்தேன்.

ஆரோக்கியம் வீட்டு வாசலில் அவர்களுடைய பெரிய தேக்சா நின்றது. முப்பது கிலோ அரிசி வேகும் பாத்திரம். அதன் மேல் ஒரு பழைய கதவுப் பலகையும், பலகை மேல் இரண்டு கல்லும் இருந்தன.

"மூடி எங்கடா?" என்றேன்.

"மூடி ஈஜிபுராவுல இருக்கு. பஷீரும் அங்கதான் இருக்கான். ரெண்டையும் பத்தி என்கிட்ட பேசாத" என்றான் ஆரோக்கியம்.

அவன் மனைவி ஸ்டெல்லா இட்லியும் கோழிக் குழம்பும் வைத்தபடி நடந்ததைச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பிரியாணிக்கு மூடி போட்டுத் தம்மில் விட்டுவிட்டு இருவரும் பேப்பர் படித்திருக்கிறார்கள். எலெக்‌ஷன் செய்தி. அரசாங்கத்துக்குள் மதம் வரலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. வரக்கூடாது, எங்கள் வழியில் அது வேறு இது வேறு என்று ஆரோக்கியம் சொல்லியிருக்கிறான். எங்கள் வழியில் இரண்டும் ஒன்று, அதுதான் சரி என்று பஷீர் சொல்லியிருக்கிறான். பேச்சிலேயே ரோமாபுரிக்கும் மதினாவுக்கும் போய்விட்டு இருவரும் திரும்பி வந்து பார்த்தபோது முப்பது கிலோவும் அடிப்பிடித்துவிட்டது.

"கல்யாண வீட்டுல முந்நூறு பேருக்கு ஓட்டல்ல இருந்து தோசை வாங்கினாங்கண்ணா" என்றாள் ஸ்டெல்லா. "அப்புறம் இதுங்க ரெண்டும் பாகம் பிரிச்சுக்கிச்சு. இவருக்குத் தேக்சா, அவருக்கு மூடி. ஒருத்தராவது முழுசா எடுத்திருக்கலாம். கேட்டா நியாயமாம்."

ஆரோக்கியம் குறுக்கே வந்தான். "நீயே சொல்லு முருகேசா. காசுல யாரு தலை போட்டிருக்கோ அவருக்கு அதைக் குடு, சாமிக்கு உள்ளதைச் சாமிக்குக் குடுன்னு எங்க ஆண்டவர் அன்னைக்கே பிரிச்சுட்டாரு. ஜனங்க கூடி வந்து ராஜா ஆக்கப் பார்த்தப்பகூட மலைக்குத் தனியா போயிட்டாரு. அவரே வேணாம்னுட்டாரு. அப்புறம் சாமி பேரைச் சொல்லி இவனுங்க யாரு நாற்காலியில உக்கார?"

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஞாயித்துக்கெழமை பிரியாணிடா" என்றேன்.

"அவன் தப்புன்னு ஒத்துக்கிட்டா வர்றேன். எதுக்கும் ஃபாதரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அவன் எதற்கும் ஃபாதரை ஒரு வார்த்தை கேட்பவன் என்று அன்று சாயந்திரமே தெரிந்தது. வாட்டர் டேங்க்குக்கு எந்தப் பக்கம் பைப் வைப்பது, மகனுக்கு எந்த காலேஜ், காம்பவுண்டு சங்கத்துக்கு யார் செக்ரட்டரி, எல்லாவற்றுக்கும் கோயில் வாசலில் போய் நிற்பானாம். அன்று நானும் கூடப் போனேன். ஃபாதர் இளைஞர். பொறுமையாகக் கேட்டார்.

"ஆரோக்கியம், பிரியாணி என் அதிகாரத்துல வராது. நெருப்பு உங்க பொறுப்பு, உப்பு உங்க பொறுப்பு. கூப்பிட்டா சாப்பிட வர்றேன்" என்றார்.

திரும்பி வரும்போது ஆரோக்கியம், "பார்த்தியா, எவ்ளோ கரெக்டா பிரிச்சுப் பேசறாரு" என்றான் பெருமையாக. ஆனால் ஈஜிபுராவுக்கு வர மறுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். பெங்களூர் ஆட்டோக்காரர்களைப் பற்றி எங்கள் ஊரில் பயமுறுத்துவார்கள். எனக்கு வந்தவர் நல்ல மனிதர். தமிழர்தான். ஆனால் அவருக்கு வழி தெரியவில்லை. அவர் போன் காட்டும் வழியில் போனார். போன் எங்களை ஒரு சுவரில் கொண்டுபோய் நிறுத்தியது. "மேப்ல ரோடு இருக்குது சார், இங்க இல்ல" என்று சுவரைக் குறை சொன்னார். எங்கள் ஊரில் ரோடு இருக்கும், மேப்பில் இருக்காது.

ஈஜிபுராவில் ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீடு, அதன் மேல் துணி. நான் போனது தொழுகை நேரம். பஷீர் பள்ளிவாசலில் இருந்தான். அவன் மனைவி நூர்ஜஹான் குஸ்காவும் தால்ச்சாவும் போட்டு, "சாப்பிடுங்கண்ணா, அவர் வந்துட்டா சாப்பிட விடமாட்டாரு, பேசுவாரு" என்றாள். அனுபவம் பேசியது. இரண்டாவது தட்டு முடிவதற்குள் பஷீர் வந்துவிட்டான்.

"அரே முருகேசா, தேக்சாகாரன் இன்னா சொன்னான்?"

"நீ தப்புன்னு ஒத்துக்கிட்டா வர்றானாம்."

பஷீர் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "இன்னாத்தை ஒத்துக்கணும்? எங்க நாயகத்தை ஒரு ஊரே வந்து கூப்பிட்டுச்சு. போனாங்க. சண்டை போட்டுக்கினு இருந்த கூட்டத்தையெல்லாம் ஒக்கார வெச்சு, யூதருங்களையும் சேர்த்து, ஒரே ஒப்பந்தமா எழுதி ஊரை நடத்திக் காமிச்சாங்க. சந்தைக்குப் போய் தானியக் குவியலுக்குள்ள கையை விட்டு, அடியில ஈரமா இருக்கான்னு பார்த்தாங்க. ஒரு கலீபா, ஆத்தங்கரையில ஒரு ஆட்டுக்குட்டி செத்தாலும் அல்லாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்னு தூங்காம இருந்தாராம். அந்தப் பயம் இல்லாத சர்க்கார் சர்க்காரா?"

இருபது வருடமாகப் பிரியாணி போடும் பஷீர் எத்தனை ஆட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாயில் குஸ்கா இருந்ததால் கேட்கவில்லை.

"அவன் சொல்றான், பிரிச்சு வெய்யின்னு. எதை எதுல இருந்து பிரிக்கறது? அவங்களுக்கு போப்பாண்டவர் ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம். ரெண்டு இருந்துச்சு, பிரிச்சாங்க. எங்களுக்குத்தான் போப்பே இல்லியே."

"ஹஜ்ரத் இருக்காரே" என்றேன், எப்படியோ.

"அவர் தொழ வைப்பாரு, ஓதிக் குடுப்பாரு. நான் எந்த வீட்டுக்கு எவ்ளோ மசாலா போடணும்னு அவரை ஏன் கேக்கணும்? எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல ஆளு கிடையாது."

"என்னையும் கேக்கமாட்டாரு" என்றாள் நூர்ஜஹான் உள்ளே இருந்து.

எனக்குக் குழப்பமாக இருந்தது. சாமி வேறு சர்க்கார் வேறு என்கிற ஆரோக்கியம் ஃபாதரைக் கேட்காமல் பைப் வைப்பதில்லை. எல்லாம் ஒன்று என்கிற பஷீர் யாரையுமே கேட்பதில்லை. இருவரும் மாற்றிப் பேசுகிறார்களோ என்று பட்டது. சொன்னால் இருவருக்கும் கோபம் வரும். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேண்டும். மனைவி போன் செய்து, "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களா? சம்பந்தி மூணு தடவை கேட்டுட்டாரு" என்றாள். "பேசிக்கினு இருக்கோம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியில் பஷீர் இரக்கப்பட்டான். "மூடியை எடுத்துக்கினு போ. நீ நம்ம ஆளு, உனக்கு இல்லாததா? ஆனா நான் வரமாட்டேன்."

அந்த மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுமினியம். நிறுத்தினால் என் இடுப்புக்கு மேல் வரும். ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்ததும் வேகமாகப் போனார்கள். பஸ்ஸில்தான் ஏற்றினேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பின்னால் இருந்த அம்மா தமிழில் சொன்னார். "மூடிக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கணுமாம்." பிறகு அவரே கண்டக்டரிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்ன என்று கேட்டேன். "பொம்பளைங்களுக்கு இங்க பஸ் ஃப்ரீ இல்லியா, அதான், மூடியும் பொம்பளைதான், சோத்தைக் காப்பாத்துறாளேன்னு சொன்னேன். அப்போ ஆதார் கார்டு காட்டச் சொல்லுங்கறாரு." நான் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

மூடியைக் கதவோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். தொம்மலூரில் பஸ் நின்று கதவு திறந்தது. ஒருவர் இறங்கினார், இன்னொருவர் இறங்கினார், அவர்களுக்குப் பின்னால் மூடியும் இறங்கிவிட்டது. டிக்கெட் வாங்கியது லிங்கராஜபுரத்துக்கு. நான் கத்தவில்லை, எனக்குக் கத்த வராது. இறங்கி ஓடினேன். மூடி மேம்பாலத்தடியில் வளைந்து, நின்றிருந்த கார்களுக்கு நடுவே உருண்டு, சிக்னலைத் தாண்டி, நடுத்திட்டில் மோதிச் சுற்றிச் சுற்றி ஆடி, பெரிய சத்தத்துடன் படுத்தது. போக்குவரத்து போலீஸ்காரர் அதைப் பார்த்துக் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருந்தார். பழக்கம்தான்.

"இந்த சிக்னல்ல இன்னைக்கு நகர்ந்த ஒரே வண்டி இதுதான்" என்று பைக்கில் இருந்த ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் போனில் படம் எடுத்தார்கள். எனக்கு ஒரே கவலை, சம்பந்தி வீடு பக்கத்துத் தெருவில். முகத்தை மூடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நடந்தேன். விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை ஆரோக்கியம் வீட்டில் மூடியைத் தேக்சா மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நசுங்கிய இடத்தில் ஒரு விரல் இடைவெளி. "ஆவி போயிடும். இதை வெச்சு தம் போட முடியாது" என்றான் ஆரோக்கியம். அந்த நேரம் கேட்டைத் தள்ளிக்கொண்டு பஷீர் வந்தான். ஒரு கையில் மரச் சுத்தி, இன்னொரு கையில் போன். போனில் மூடி உருண்டுகொண்டிருந்தது. பின்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன். யாரோ பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள்.

"நாலு குரூப்ல வந்துடுச்சு. என் மூடி எனக்குத் தெரியாதா?" என்றான் பஷீர். ஆரோக்கியத்தைப் பார்க்காமல் மூடியின் பக்கத்தில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். ஆரோக்கியம் பஷீரைப் பார்க்காமல் மூடியைப் பிடித்துக்கொண்டான். பத்துத் தட்டு விழுந்தது.

"போப்பாண்டவருக்குத் தனி நாடே இருக்கு" என்றான் பஷீர், மூடியிடம். "போலீஸ் இருக்கு, தபால் தலை இருக்கு. அப்புறம் இன்னா வேற வேற?"

"அது ஒரு காம்பவுண்டு அளவுதான்" என்றான் ஆரோக்கியம், அவனும் மூடியிடம்.

"ராஜாக்களுக்கு முடி சூட்டினது யாரு?"

"அதுலதான் ஐரோப்பாவே அடிப்பிடிச்சுச்சு. பட்டுத் திருந்தினோம். உங்க சுல்தானுங்க மட்டும் மார்க்கம் படிச்ச உலமா சொன்னதைக் கேட்டாங்களா?"

"கேக்கலை. அதான் நல்ல உலமா பாதிப் பேரு ஜெயில்ல இருந்தாங்க."

"அப்போ ரெண்டும் ஒண்ணு இல்லியே."

"ஒண்ணா இருக்கணும்னு சொல்றேன்."

"ஒண்ணா இருந்தா ஜெயிலைத் திறக்கறது யாரு?"

தட்டுவது நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லு முருகேசா. நீ ரெண்டு பக்கமும் இல்லாதவன். எது சரி?"

ஒருவனைச் சரி என்றால் மற்றவன் போய்விடுவான். மகளுக்கு நாளை நிச்சயம். ஸ்டெல்லாவும் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"எங்க ஊரு கோயில்ல சாமிக்கு மேல ஈ.ஓ. இருக்காரு."

"அது யாரு?"

"அறநிலையத் துறையில இருந்து கவர்மெண்டு அனுப்பற ஆபீசரு. உண்டியல் சாவி அவர்கிட்ட. தேருக்கும் அவர்தான் கையெழுத்து. போன வருஷம் சாமி புறப்பாடு அரை மணி நேரம் நின்னுடுச்சு. ஈ.ஓ. ரப்பர் ஸ்டாம்பை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டாரு."

"சாமி இன்னா செஞ்சாரு?" என்றான் பஷீர்.

"நின்னாரு."

ஆரோக்கியம் மூடியை விட்டுவிட்டான். பஷீர் சுத்தியைக் கீழே வைத்தான். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஊரை விட்டுக்கொடுத்துவிட்டேனோ என்று பயந்து, "ஆனா அவர் வந்தப்புறம்தான் தேர்ச் சக்கரத்துக்கு கிரீஸ் வெச்சாங்க" என்று சேர்த்துச் சொன்னேன். அது எனக்கு முக்கியம். சக்கரம் என் தொழில்.

"மதம் சர்க்காரை நடத்தலாமான்னு நாம மண்டையை உடைச்சுக்கறோம்" என்றான் ஆரோக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவனுங்க ஊர்ல சர்க்காரு சாமியையே நடத்துது."

"பாவம்டா" என்றான் பஷீர்.

"உங்க பள்ளிவாசல் சொத்துக்கு கவர்மெண்டு வக்ஃப் போர்டு இல்லியா?" என்றான் ஆரோக்கியம்.

"அதை இப்ப இழுக்காத."

அதற்குப் பிறகு ஸ்டெல்லா போட்ட டீயில் ஒப்பந்தம் முடிந்தது. நெருப்பு ஆரோக்கியத்துக்கு, மசாலாவும் உப்பும் பஷீருக்கு. ஒருவர் எல்லையில் மற்றவர் நுழையக்கூடாது. இரண்டுக்கும் மேலே, நாளை ஒரு நாளைக்கு நான் சர்க்கார். நான் சொன்னால்தான் மூடியைத் திறந்து தம் உடைக்க வேண்டும். "இவன் யாரையும் அதட்டமாட்டான். இவன் கையில குடுத்தா பயமில்ல" என்று பஷீர் காரணம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தொம்மலூரில் மண்டபத்துக்குப் பின்னால் தேக்சா ஏறியது. அரிசி போட்டு, விளிம்பில் மாவு ஒட்டி, மூடி போட்டு, மேலே தணல் கொட்டினார்கள். முன்னால் என் மகள் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். தட்டு மாற்றி முடிந்தது. பந்தியில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். சம்பந்தி பின்வாசலில் தலையை நீட்டி, மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்.

தேக்சாவின் ஒரு பக்கம் ஆரோக்கியம், மறுபக்கம் பஷீர். நடுவில் நான். இங்கிலாந்து ராஜாதான் அங்கே சபைக்கும் தலைவர், அது எப்படி என்று பஷீர் ஆரம்பித்தான். அது வேறு சபை, எங்களுடையது இல்லை என்றான் ஆரோக்கியம். உங்களுக்குள்ளேயே இத்தனை பிரிவா என்றான் பஷீர். உங்களுக்குள் இல்லையா என்றான் ஆரோக்கியம்.

எனக்கு ஒரு வாசனை வந்தது. நாள் முழுக்க ரப்பர் கருகும் வாசனையில் உட்கார்ந்திருப்பவன் நான். கருகப்போவது எனக்கு முன்னாலேயே தெரியும்.

"திறங்கடா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"திறங்க" என்றேன் மறுபடி. அவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள்.

உள்ளே முந்நூறு பேர். மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய தோசை நினைவுக்கு வந்தது. கீழே கிடந்த கம்பியை எடுத்தேன். தணலைத் தள்ளினேன். மாவுக்கட்டில் கம்பியை விட்டு நெம்பினேன். மூடி எழும்பியது. ஆவி என் முகத்தில் அடித்து, மூக்குக்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. தேக்சாவுக்கு அடியில் இருந்த விறகை வெளியே இழுத்தேன்.

இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். பஷீர் சட்டுவத்தை அடிவரை விட்டுக் கிளறி எடுத்தான். அடியில் லேசான பொன் நிறம், கருகல் இல்லை. மேலே ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக நின்றது. நான் கம்பியைக் கீழே போட்டேன்.

சம்பந்தி முதல் பந்தியில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவாமலேயே எழுந்து வந்து, "வைகாசியிலயே கல்யாணத்தை வெச்சுக்கலாம் சம்பந்தி. இதே ரெண்டு பேரு, இதே தேக்சா" என்றார். என் மனைவி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். வருடத்துக்கு ஒரு முறை ஆட்டும் தலை அது.

பின்னால் போனேன். ஆரோக்கியமும் பஷீரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பாராட்டுவார்கள் என்று நின்றேன்.

"பத்து நிமிஷம் முன்னாடியே உடைச்சுட்டான்" என்றான் ஆரோக்கியம்.

"அதான் சொல்றேன்" என்றான் பஷீர். "சர்க்காருக்கு ஒரு எழவும் தெரியாது."

"நூத்துல ஒரு வார்த்தை" என்றான் ஆரோக்கியம், எலும்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு.